ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: நம்மை அழ வைத்தது கேமா, சினிமாவா?

கருங்குதிரை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இந்த வீடியோ கேமை இன்னும் ஆடி முடிக்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

போன வாரம் இரண்டாவது முறையாக முடித்தேன். 2019 நவம்பரில் பிசிக்கு வந்த கையோடு முதல் தடவை ஆடியபோது, நாம் ஆடும் நாயகன் ஆர்தர் மார்கன் மலைமேல் சூரியன் எழுவதைப் பார்த்துக்கொண்டே சாகும் இடத்தில் அழுதேன். இந்தத் தடவை அங்கே கண் கலங்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

மறந்துபோனவர்களுக்காக: வருடம் 1899. டச்சு என்பவனின் கொள்ளைக் கூட்டத்தில் ஆர்தர் வலது கை. அதே கூட்டத்தில் இருக்கும் ஸ்ட்ராஸ் இல்லாதப்பட்டவர்களாகப் பார்த்து வட்டிக்குக் கடன் கொடுக்கிறான். வசூலிக்கப் போவது ஆர்தர், அதாவது நாம். தாமஸ் டவுன்ஸ் என்று ஒரு நோஞ்சான் விவசாயி. ஆர்தர் அவரைப் பிடித்து அடிக்கிறான். அவர் இருமுகிறார். ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. மனைவியும் மகனும் ஓடிவருகிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

முதல் தடவை அந்த இருமலை நான் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வேலை முடிந்தது என்று மீன் பிடிக்கப் போய்விட்டேன். எத்தனையோ மணி நேரம் ஆடிய பிறகு, செயின்ட் டெனிஸ் நகரத் தெருவில் ஆர்தர் மயங்கி விழுந்து, மருத்துவர் காசநோய் என்று சொன்னபோதுதான் அந்தப் பண்ணை ஞாபகம் வந்தது. இந்தத் தடவை எல்லாம் தெரியும். தெரிந்தும், வாலண்டைன் ஊரிலிருந்து குதிரையை அங்கே ஓட்டிப்போக வேண்டியிருந்தது. வழியில் பூப்பறித்தேன், மான் வேட்டையாடினேன், என்னென்னவோ செய்து தள்ளிப்போட்டேன். அந்த மிஷனை, அதாவது கேம் கொடுக்கும் அந்த வேலையை, முடிக்காமல் கதை நகராது.

சினிமாவில் இது முடியுமா? அங்கே யாரோ போகிறான், யாரோ அடிக்கிறான். இங்கே போனது நான்.

டப்பா பிசி:

போனது நீங்கள், சரி. அடித்தது யார்? எழுத்தாளர்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் அடித்திருப்பான். கேம் கேட்கிற இடத்துக்குக் குதிரையை ஓட்டிப்போய் விட்டுவிட்டு, மீதியை உட்கார்ந்து பார்க்கிறீர்கள். ஆட்டோக்காரர் சவாரி இறக்கிவிட்ட வீட்டில் நடக்கிற சண்டைக்கெல்லாம் அவரே பொறுப்பு என்பது மாதிரி இருக்கிறது.

கதை பிரமாதம், நடிப்பு அதைவிடப் பிரமாதம். ரோஜர் கிளார்க்குக்கு 2018இல் தி கேம் அவார்ட்ஸ் கொடுத்த சிறந்த நடிப்பு விருது நியாயமானது. நான் கேட்பது வேறு. ஒரு மிஷனில் இரண்டு தப்படி விலகி நடந்தால் மிஷன் தோல்வி. அவர்கள் சொல்லும் பாறைக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும். உலகம் அவ்வளவு பெரிது, கதைக்குள் நுழைந்தால் கையில் விலங்கு.

பிரதர்ஸ், 2013, ஜோசப் ஃபாரஸ் இயக்கியது. மூன்று மணி நேர கேம். புரிகிற மொழியில் ஒரு வசனம் கிடையாது. கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கில் நகர்வது அண்ணன், வலது ஸ்டிக்கில் தம்பி. அம்மா தண்ணீரில் மூழ்கிச் செத்ததைப் பார்த்த தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம், அண்ணன்தான் முதுகில் சுமந்து நீந்துவான். பிறகு அண்ணன் செத்துப்போகிறான். தனியாகத் திரும்பும் தம்பி ஆற்றங்கரையில் தயங்கி நிற்கிறான். வலது பக்கத்து பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் இறங்க மாட்டேன் என்கிறான். மூன்று மணி நேரமாக அண்ணனுக்காக அழுத்திவந்த இடது பட்டனை விரல் தானாகத் தேடிப்போகிறது. அழுத்தினால், தம்பி இறங்குகிறான்.

அதுதான் கேம் சொல்லும் கதை. அதைச் சினிமாவாக எடுக்கவே முடியாது. ஆர்தர் கதையை நாளைக்கே எட்டு எபிசோடாக எடுத்துவிடலாம்.

திண்ணைக் கச்சேரி:

எட்டு எபிசோடா? அதில் ஆறு எபிசோடு டச்சு “என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது” என்று சொல்வதற்கே சரியாகப் போகும். மீதி இரண்டில் அவன் தப்பி ஓடக் கனவு காணும் தஹிதித் தீவு, மாம்பழம்.

நைட் ட்யூட்டி:

நான் காசநோய் வார்டில் வேலை செய்த நர்ஸ். இந்த விவாதத்தில் எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கோபம்.

முதலில் கேம் மேல். முகத்தில் ஒரு தடவை இருமினால் நோய் வந்துவிடும் என்று இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மூடிய அறையில், நெருக்கமாக, நாள்கணக்கில் ஒரே காற்றைச் சுவாசித்தால்தான் தொற்றுகிறது. தொற்றியவர்களிலும் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆர்தருக்கு எல்லாம் சில மாதங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. கதைக்கு வேண்டிய வேகம் அது.

ஆனால் வியாதி வந்த பிறகு காட்டியது பெரும்பாலும் சரி. கன்னம் ஒட்டி, கண் சிவந்து, குதிரையில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு இருமல். இதமான, வறண்ட இடத்துக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று மருத்துவர் சொல்கிறார் பாருங்கள், அன்றைக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடையாது. கிருமியை 1882இலேயே கோக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிக்க 1943 ஆகிவிட்டது. பெயர் தெரியும், மருந்து தெரியாது. அந்த இடைப்பட்ட காலத்தில் மாட்டிக்கொண்ட ஆள் ஆர்தர்.

டப்பா பிசிக்கு ஒன்று. ஆறாம் அத்தியாயத்தில் நான் ஆர்தருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தேன். கறி, சூப்பு, கையில் இருந்த டானிக் எல்லாம். உடம்பு தேறவே இல்லை. இது எனக்குப் பழகிய விஷயம். கூட இருப்பவர்கள் ஹார்லிக்ஸும் முட்டையுமாக வாங்கி வந்து கட்டிலோரம் அடுக்கி வைப்பார்கள், நோயாளி இரண்டு வாய் சாப்பிட்டுத் தள்ளி வைப்பார். மெனுவைத் திறந்து திறந்து அவனுக்கு ஊட்டியது சினிமா மாதிரி தானாக ஓடும் எந்த கட்சீனிலும் இல்லை. நானே செய்தது.

கயல்:

அது அழகாக இருக்கிறது அக்கா. ஆனால் நல்லது செய்தால் ஏறி, கெட்டது செய்தால் இறங்கும் ஹானர் கணக்கை ஏன் யாரும் பேசுவதில்லை? நான் ரயிலைக் கொள்ளையடித்து, குறுக்கே வந்தவர்களைச் சுட்டு, ஹானர் அதலபாதாளத்தில் இருந்தது. நல்ல முடிவு வேண்டுமென்றால் ஹானர் ஏற வேண்டும் என்று யாரோ சொன்னதால், செயின்ட் டெனிஸ் தெருவில் வருவோர் போவோருக்கெல்லாம் வணக்கம் வைத்தேன். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டேன். மளமளவென்று ஏறியது! இருபது பேரைக் கொன்ற பாவம் நாற்பது கும்பிடில் தீரும் என்றால், கடைசியில் சூரியோதயம் பார்த்துச் சாவதற்கு என்ன மதிப்பு? உண்டியலில் காசு போட்டுவிட்டுக் கலப்படம் செய்கிற முதலாளி மாதிரி ஆகிவிட்டான் என் ஆர்தர்.

கருங்குதிரை:

ஹானர் விஷயத்தில் கயலோடு சண்டை போட மாட்டேன். மீன் கணக்கு அபத்தம்தான். டப்பா பிசி சொன்ன மிஷன் கெடுபிடியும் உண்மை. ஐந்தாம் அத்தியாயத்தில் குவார்மா தீவுக்குக் கொண்டுபோய் நம்மைத் தொலைத்ததும் தேவையற்றது.

ஆனால் எட்டு எபிசோடில் எடுக்கலாம் என்பதை ஏற்க மாட்டேன். ஆர்தரின் நாட்குறிப்பைத் திறந்து படித்தீர்களா? யாரும் படிக்கச் சொல்ல மாட்டார்கள். பார்த்த பறவை, சந்தித்த ஆள், தங்கிய இடம் எல்லாவற்றையும் பென்சிலில் வரைந்து பக்கத்தில் ஓரிரு வரி எழுதுகிறான். வாயைத் திறந்தால் உறுமுகிறவன், தாளில் அவ்வளவு மென்மை. அவன் செத்த பிறகு கதை 1907க்குத் தாவுகிறது, இப்போது நாம் அதே கூட்டத்திலிருந்த ஜான் மார்ஸ்டன். அதே நோட்டைத் திறந்தால் ஜானும் வரைந்திருக்கிறான். படம் கோணல்மாணல். ஆர்தர் அளவுக்கு அவனுக்குக் கை வராது. அந்தக் கோணல் கோட்டைப் பார்த்ததும்தான் ஆர்தர் இனி இல்லை என்பது எனக்கு உறைத்தது.

இன்னொன்று, ரயில் நிலையக் காட்சி. முன்னால் நீங்கள் யாருக்கு உதவினீர்கள் என்பதைப் பொறுத்து அங்கே ஆள் மாறும். கன்னியாஸ்திரி கால்டெரானுக்கு உதவியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் பாதிரியார் ஸ்வான்சன். ஆர்தர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று கால்டெரானிடம் சொல்கிறான். அத்தனை மணி நேரத்தில் அவன் அப்படி ஒத்துக்கொண்டு நான் கேட்டது அங்கேதான். அந்த அம்மாவின் சிலுவையை எப்போதோ மீட்டுக் கொடுத்ததால் எனக்கு அந்த வார்த்தை கிடைத்தது.

டப்பா பிசி:

நோட்டுப் புத்தகம் நல்ல பாயிண்ட். ஜானின் படங்களை நான் பார்க்கவில்லை, இப்போது பார்க்க வேண்டும். ரயில் நிலையத்தில் எனக்கு ஸ்வான்சன்தான் வந்தார். ஆளே மாறும் என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

ஆனாலும் என் பேச்சு மாறாது. நீங்கள் சொல்கிற நல்ல இடங்கள் எல்லாமே ஓரத்தில் இருக்கின்றன. சாப்பாடு போடுவது, நோட்டைப் புரட்டுவது, ஒரு சிலுவையை மீட்பது. நடுவில் ஓடுகிற பெரிய கதையில் நம் கைக்கு வேலை இல்லை. பிரதர்ஸில் நடுவே அதுதான்.

திண்ணைக் கச்சேரி:

கேலியை விட்டுச் சொல்கிறேன். கடன் பட்டவன் நெஞ்சு கலங்கும் என்றுதான் நமக்குத் தெரியும். இங்கே வசூலிக்கப் போனவன் நெஞ்சு புண்ணாகிறது. ஸ்ட்ராஸைக் கூடாரத்திலிருந்து ஆர்தர் துரத்தும்போது எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை. அந்த வேலையை ஒவ்வொரு தடவையும் போய்ச் செய்தவன் நான்தானே, முகாமுக்குப் பணம் வேண்டும் என்று. என் மாமா ஒருவர் கந்து வட்டி வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். எங்கே போய் வருகிறார் என்று கேட்டதில்லை.

கயல்:

அண்ணா, அதை இப்படிச் சட்டென்று சொல்லிவிட்டு நிறுத்தினால் எப்படி.

நைட் ட்யூட்டி:

டப்பா பிசி, ஒரு கேள்வி. டவுன்ஸின் மனைவி ஈடித் என்ன ஆனார் என்று உங்கள் ஆட்டத்தில் பார்த்தீர்களா?

டப்பா பிசி:

செயின்ட் டெனிஸ் தெருவில் ஒரு தடவை பார்த்தேன், பிழைப்புக்காக உடம்பை விற்கும் நிலையில். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஏன்?

நைட் ட்யூட்டி:

ஆறாம் அத்தியாயத்தில் ஹானர் நல்ல நிலையில் இருந்தால் ஆனஸ்பர்க் சுரங்க ஊரில் அவரும் மகனும் வருவார்கள். மகன் ஆர்ச்சி சுரங்கத்தில் வேலை செய்கிறான். இரண்டு மிஷன். கட்டாயம் கிடையாது, போகாமலே கேமை முடித்துவிடலாம். நீங்களாகக் குதிரையைத் திருப்பி அங்கே போனால்தான் உண்டு. மீதியை நான் சொல்ல மாட்டேன்.

டப்பா பிசி:

இது தெரியாமல் இரண்டு வருஷமாக எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். சேவ் ஃபைல் இருக்கிறது, கேமைத்தான் இடத்துக்காக அழித்துவிட்டேன். 150 ஜிபி கேட்கிறது. போட்டோ ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு மாற்றி இடம் பண்ணிவிட்டு டவுன்லோட் போட்டிருக்கிறேன்.

என் ஹானர் எந்த நிலையில் இருந்தது என்று ஞாபகமில்லை. கயல், அந்த மீன் எந்த ஆற்றில் சீக்கிரம் மாட்டும்?