முதல் வார்டு போஸ்டிங்: படித்துவிட்டுப் போவதா, போய்ப் படிப்பதா?

புது_ஸ்டெத்
நான் மருத்துவ மாணவன். அடுத்த மாதம் பொது மருத்துவ வார்டில் என் முதல் போஸ்டிங், அதாவது நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் பயிற்சி. ஒரு சீனியர் அக்கா, "இதயம், நுரையீரல், வயிறு மூன்றையும் படித்து முடிக்காமல் உள்ளே போகாதே" என்கிறார். இன்னொரு அண்ணா, "எதையும் படிக்காதே. பகலில் நோயாளியைப் பார், ராத்திரி அந்த நோயைப் படி" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வார்டுவாசி
நான் அண்ணா கட்சி. முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று உட்கார்ந்தவர்களில் முடித்தவர்கள் குறைவு. அப்படியே முடித்தாலும், நோயாளி அத்தியாயத் தலைப்போடு வரமாட்டார். "நெஞ்சை என்னமோ பண்ணுது" என்றுதான் சொல்வார். 1975-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதமும் ஹிஸ்டரியும் (நோயாளியிடம் கேட்டு அறியும் நோய் விவரம்) வைத்து இன்ன நோய் என்று எடுத்த முடிவே கடைசிவரை நின்றது. பரிசோதனையால் மாறியது 7 பேருக்கு, ஆய்வக முடிவுகளால் மாறியது 7 பேருக்கு. எனவே முதலில் பேசிப் பழக வேண்டும். அதற்கு எதிரே ஆள் வேண்டும்.

பக்கம்புரட்டி
உங்கள் ஆய்வு என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. அங்கே ஹிஸ்டரி எடுத்தவர்கள் மருத்துவர்கள், முதல் நாள் மாணவர்கள் அல்ல. மாடிப்படி ஏறினால் வலி வருகிறதா, நின்றால் அடங்குகிறதா என்று கேட்கத் தோன்றுவதற்கே ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி, பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணீரலை எடுத்துக்கொள்ளுங்கள். வீங்கும்போது அது வலது அடிவயிற்றை நோக்கி வளரும். அதனால் கையை அங்கே தொடங்கி இடது விலாவை நோக்கி நகர்த்த வேண்டும். இது தெரியாமல் இடது விலாவுக்குக் கீழேயே கை வைத்தால், ரொம்பப் பெரிய மண்ணீரலின் மேலேயே கை கிடக்கும், விளிம்பு தட்டாது. வலியோடு படுத்திருக்கும் ஒருவரின் வயிற்றை, ஏற்கெனவே நாலு மாணவர்கள் அழுத்திவிட்டுப் போன பிறகு, ஒன்றும் தெரியாமல் நீங்களும் அழுத்துவது என்ன நியாயம்?

வார்டுவாசி
அந்த மண்ணீரல் விஷயத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அதை வைத்துக்கொண்டு மூன்று மண்டலத்தையும் முடி என்பது பயமுறுத்தல். பரிசோதனை வரிசையை, அதாவது பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்பதை, நண்பர்கள் மேல் பழகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாதாரண மூச்சொலியை நிறையக் கேட்ட காதுக்குத்தான் மாறிய ஒலி உறைக்கும்.

நிறையப் படித்துவிட்டு வருவதில் வேறொரு சிக்கலும் உண்டு. கேஸ் ஷீட்டில் மைட்ரல் மர்மர் (இதய வால்வு ஒன்றில் எழும் இரைச்சல்) என்று எழுதியிருந்தால், அப்புறம் யூனிட் முழுவதற்கும் அது கேட்கும்! உண்மையில் கேட்டதா என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பக்கம்புரட்டி
கேஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு முதலில் நோயாளியிடம் போ என்றால் சரி, அது வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் படிக்காமல் போவதற்கும் என்ன சம்பந்தம்?

ஊசிமுனை
நான் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு பேரும் நன்றாகத்தான் சண்டை போடுகிறீர்கள், ஆனால் தடுப்பூசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹெபடைடிஸ் பி வழக்கமாக மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். போஸ்டிங்குக்கு முந்தின வாரம் நினைத்துக்கொண்டால் முடியாது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உன் கையில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காதே, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு, உடனே சொல். ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவார்களோ என்று மறைக்கும் மாணவர்கள்தான் எனக்குக் கவலை.

கை கழுவுவதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் கடைசி ஒன்றை மாணவர்கள் விட்டுவிடுவார்கள்: நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ மேசையையோ தொட்டாலும் கழுவ வேண்டும். ரவுண்ட்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள்?

புது_ஸ்டெத்
நன்றி அக்கா. மூன்று டோஸும் போட்டாகிவிட்டது. தடுப்பூசி வேலை செய்ததா என்று ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டுமா?

ஊசிமுனை
கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் பார்ப்பார்கள். 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம். காலம் கடந்திருந்தால் உங்கள் கல்லூரியில் கேட்டுச் செய்யுங்கள்.

பக்கம்புரட்டி
அக்கா சொன்னதும் முன்தயாரிப்புதானே? அதோடு சில எண்களையும் சேர்த்துக்கொள், தம்பி: ரத்தத்தில் இயல்பான அளவு சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5. ஈசிஜி தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடும், ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி.

வார்டுவாசி
ஈசிஜியைக் கட்டில் பக்கத்தில் வைத்துக் கற்கலாம். வெறும் எண்களை மனப்பாடம் செய்தால் வைவாவோடு (வாய்மொழித் தேர்வு) போய்விடும். பொட்டாசியம் கூடிய ஒருவரைப் பார்த்துவிட்டுப் படித்தால் மறக்காது.

பக்கம்புரட்டி
பொட்டாசியம் 6.8 என்ற தாளை ஆய்வகத்திலிருந்து வாங்கி வருபவர் பல நேரம் மாணவர்தான். அது அவசரம் என்று தெரியாதவர் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார். ராத்திரி படித்துக்கொள்ளலாம் என்றா சொல்கிறீர்கள்?

வார்டுவாசி
அப்படி அவசரமான முடிவு என்றால் ஆய்வகமே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும், மாணவரை நம்பி விடக்கூடாது. ஆனாலும் பொட்டாசியத்தை விட்டுக்கொடுக்கிறேன். இதயம், நுரையீரல், வயிறு மூன்றையும் முடித்துவிட்டு வா என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.