அம்மா கைக்கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, வேறு வழி உண்டா?

அம்மாவுக்கு வயது 74. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை நாலு நாள் செய்தார், அப்புறம் விட்டுவிட்டார். வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் டிராயரில் தூங்குகிறது. காலடி எண்ணிக்கை "பரீட்சை மார்க் மாதிரி இருக்கு" என்கிறார்.

பதில் 1: என் அப்பாவுக்கு வீடியோ கால்தான் சரிப்பட்டது. போனைப் பக்கவாட்டில், நாற்காலி உயரத்துக்கு வையுங்கள். நேரே வைத்தால் முகம்தான் தெரியும், முழங்கால் தெரியாது. கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று மாதம் ஒருமுறை எண்ணுவோம். 7 இப்போது 11.

பதில் 2: 65 வயதிலிருந்து வாரம் 3 நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். காலடிக் கணக்கில் அது வராது. நாற்காலி சுவரோரமாக, சக்கரம் இல்லாததாக இருக்கட்டும்.

கேட்டவர்: ஞாயிறு முயன்றோம். 6 முறை எழுந்தார். "நீயும் செய்" என்றார். என் முட்டிதான் சத்தம் போடுகிறது.