மறு: லூவார்டு இயலுக்குச் சொல் வேண்டும்: ஆண்டுக்குறிப்பா, நாளாகமமா, ஒழுகா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம்.

முதுகலை மாணவர்களுக்கான வரலாற்றியல் பாடநூலில் ஹென்றி ரிச்சர்ட்ஸ் லூவார்டு பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மெய்ப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். லூவார்டு (1825–1891) 1862 முதல் இறுதிவரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பதிவாளர். நெடுங்காலம் அவ்வூர் மரியாள் ஆலயத்தின் குரு. இவ்விரண்டு பணிகளுக்கும் இடையே, இடைக்கால இங்கிலாந்தின் துறவிகள் இலத்தீனில் எழுதிவைத்த ஏடுகளைப் பதிப்பித்தார்.

சிக்கல் நூல்தலைப்புகளிலேயே தொடங்குகிறது. 1864 முதல் 1869 வரை அவர் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டவை மடங்களின் ‘அன்னலஸ்’. 1872 முதல் 1883 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டது மாத்தேயு பாரிஸ் என்ற துறவி எழுதிய ‘குரோனிக்கா’. அதே மாத்தேயுவின் ‘ஹிஸ்டோரியா’வை ஃபிரெடரிக் மேடன் தனியே பதிப்பித்தார். மூன்றையும் ‘வரலாற்றுக் குறிப்புகள்’ என்று எழுதினால், மாணவர் மூன்றும் ஒரே வகை என்றே எண்ணுவார். மூன்று சொற்கள் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

அம்மா, ‘நாளாகமம்’ விவிலியத் தமிழில் நெடுங்காலமாக இருக்கிறது என்று யாரேனும் எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது வேண்டாம். ‘ஆகமம்’ என்றதும் சைவ ஆகமங்களை நினைக்கும் வாசகருக்கு அது மறைநூலாகவே படும். கத்தோலிக்கரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் அதே நூல் ‘குறிப்பேடு’ ஆகிவிட்டதையும் கருத வேண்டும்.

‘அன்னலஸ்’ என்பதற்கு ‘யாண்டேடு’ என்பதே பொருத்தம். சோழர் கல்வெட்டுகள் அரசனுடைய ஆட்சியாண்டை ‘யாண்டு’ என்றே குறிக்கின்றன. ‘யாண்டு பலவாக நரையில ஆகுதல்’ என்று பிசிராந்தையார் பாடியதும் இச்சொல்லைத்தான். ‘ஆள்’ என்ற வினையின் ‘ஆண்டு’ என்னும் எச்சமே காலப்பெயர் ஆயிற்று என்று முன்பு இக்குழுவில் ஓர் அன்பர் எழுதினார், அது பொருந்தாது. யாறு ஆறானது போலவும், யானை ஆனையானது போலவும், யாண்டு ஆண்டாயிற்று. ‘ஆள்’ என்பதற்கு யகர முதல் எக்காலத்திலும் இருந்ததில்லை. எனவே வேரோடு கூடிய வடிவத்தையே நாம் ஆள வேண்டும்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, ஈரோடு

ஐயா, வேர் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ‘யாண்டும் இடும்பை இல’ என்ற குறளை மனப்பாடம் செய்த மாணவருக்கு ‘யாண்டு’ என்றால் ‘எப்போதும்’, ‘எங்கும்’ என்றுதான் தோன்றும். வகுப்பில் சொல்லை விளக்கவே கால்மணி நேரம் போனால் லூவார்டை எப்போது நடத்துவது? ‘ஆண்டுக்குறிப்பு’ என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நூலகர், யாழ்ப்பாணம்

‘குரோனிக்கா’ வகைக்கு நம்மிடமே பெயர் இருக்கிறது. திருவரங்கத்துக் ‘கோயிலொழுகு’ தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வளர்ந்த ஏடு. கோயிலின் கட்டுமானம், நிர்வாகம், படையெடுப்பு, மீட்பு எல்லாம் அதில் உண்டு. ஒரு சமய நிறுவனத்துக்குள் இருந்து அதன் ஆட்களே தொடர்ந்து எழுதிய வரலாறு என்ற அளவில், மாத்தேயு இருந்த புனித ஆல்பன்ஸ் மடத்து ஏட்டுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எங்கே கிடைக்கும்? ‘ஒழுகு’ என்பதில் இடையறாத ஓட்டமும் ஒழுங்கும் சேர்ந்தே இருக்கின்றன. ‘ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்’ என்பது தொல்காப்பியம். முற்காலத்தில் நிலக்கணக்குப் பதிவுக்கும் இப்பெயர் வழங்கியது. ஆகவே பதிவு என்ற பொருளும் இதற்குப் புதிதன்று.

சுவடியியல் ஆய்வாளர், தஞ்சாவூர்

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். வேரை மட்டும் வைத்து முடிவுசெய்தால் லூவார்டின் உழைப்பு மறைந்துபோகும்.

ஆண்டுக்குறிப்பு பெரிதும் வளர்ந்த இடம் ஈஸ்டர் அட்டவணையின் ஓரம். எந்த ஆண்டில் ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்று கணித்து வைத்த பட்டியலில், அந்தந்த ஆண்டுக்கு நேரே இருந்த வெற்றிடத்தில் ஓர் அரசனின் இறப்பையோ ஒரு பஞ்சத்தையோ ஓரிரு சொற்களில் எழுதிவைத்தார்கள். ஆண்டுதான் அங்கே முதன்மை. நிகழ்ச்சி ஆண்டுக்குள் வந்து அமர்வது. லூவார்டு பதிப்பித்த மார்கம், வேவர்லி, டன்ஸ்டபிள் போன்ற மடங்களின் ஏடுகள் அந்த மரபில் வந்தவை.

மாத்தேயு செய்தது வேறு. 1217இல் புனித ஆல்பன்ஸ் மடத்தில் சேர்ந்த அவர், அங்கே ரோஜர் வெண்டோவர் 1235 வரை எழுதியிருந்த ஏட்டை எடுத்துக்கொண்டு, பழைய பகுதியில் தம் சொற்களை நுழைத்து, அதன்பின் தாமே 1259 வரை எழுதினார். ஆண்டு வரிசை அப்படியே நிற்கிறது. ஆனால் உள்ளே கடிதங்கள், வதந்திகள், மன்னர் மீதும் போப்பின் வரிவசூல் மீதும் கொண்ட சினம் எல்லாம் பெருகி ஓடுகின்றன. ஒரு வீரர் இறந்த செய்திக்கு நேரே ஓரத்தில் அவருடைய கேடயத்தைத் தலைகீழாக வரைந்திருப்பார். மாத்தேயுவின் கைப்பட்ட அந்த ஏடுகள் லூவார்டு வாழ்ந்த கேம்பிரிட்ஜிலேயே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருந்தன. வெண்டோவரின் சொல் எங்கே முடிகிறது, மாத்தேயுவின் சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அச்செழுத்தின் அளவை மாற்றியே காட்டினார் லூவார்டு. வாசகர் பக்கத்தைப் பார்த்தவுடனே இரண்டு கைகளையும் பிரித்துக் காணலாம். அந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே நான் அவரை வணங்குவேன்.

இதை அவர் கடும் விதிக்குள் இருந்து செய்தார். 1857இல் ஜான் ரொமிலியின் பொறுப்பில் அரசுச் செலவில் தொடங்கிய ‘ரோல்ஸ்’ என்னும் பதிப்பு நூல்வரிசையில், பாடம் சரியானதென்று நிலைநாட்டத் தேவையானவை தவிர வேறு அடிக்குறிப்பு கூடாது. உரை விளக்கம் எழுத இடமில்லை. பாடவேறுபாடுகளுக்கு மட்டுமே இடம். (இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை, நம் பதிப்பாசிரியர்கள் தந்துவிட்டார்கள்.)

வகைப்பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அவர் பதிப்பித்த நூலே சான்று. ‘ஃபுளோரெஸ் ஹிஸ்டோரியாரும்’ என்ற நூலை 16ஆம் நூற்றாண்டில் பேராயர் மாத்தேயு பார்க்கர் ‘வெஸ்ட்மின்ஸ்டர் மாத்தேயு’ எழுதியதாக அச்சிட்டார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. புனித ஆல்பன்ஸில் தொடங்கி வெஸ்ட்மின்ஸ்டரில் தொடர்ந்த, பலர் எழுதிய ஏடு அது. 1890இல் வந்த லூவார்டின் பதிப்பு படிகளை ஒப்பிட்டு அதைத் தெளிவாக்கியது. ஒருவர் எழுதிய ‘வரலாறு’ என்று எண்ணியதால்தான் ஓர் ஆசிரியரைத் தேட வேண்டியதாயிற்று.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, ஈரோடு

அப்படியானால் ‘ஆண்டுக்குறிப்பு’, ‘வரலாற்றேடு’, ‘வரலாறு’ என்று வைத்துக்கொள்ளலாமே. மூன்றும் படித்தவுடன் புரியும்.

நூலகர், யாழ்ப்பாணம்

‘வரலாற்றேடு’ என்பது ‘வரலாறு’ என்ற சொல்லை உள்ளேயே வைத்திருக்கிறது. எந்த இரண்டைப் பிரிக்க வேண்டுமோ அவற்றையே அது ஒட்டவைக்கிறது.

சுவடியியல் ஆய்வாளர், தஞ்சாவூர்

ஒட்டித்தான் இருந்தன, ஐயா. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் காண்டர்பரி கெர்வேஸ் என்ற துறவி இதையே எழுதினார்: வரலாற்றாசிரியர், குரோனிக்கா எழுதுபவர் இருவர் நோக்கமும் உண்மைதான், முன்னவர் விரித்து அழகுபட எழுதுகிறார், பின்னவர் ஆண்டுகளை எண்ணி நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்கிறார், ஆனால் குரோனிக்கா எழுதுவோர் பலர் தம் எல்லையைத் தாண்டுகிறார்கள் என்று குறைபட்டார். மாத்தேயு அந்த எல்லையை முற்றிலும் தாண்டியவர். எனவே சிறிது ஒட்டிய சொல் தவறாகாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் கருத்துப்படி ‘ஆண்டுக்குறிப்பு’, ‘வரலாற்றேடு’, ‘வரலாறு’ என்றே அனுப்புகிறேன். ‘யாண்டேடு’ கலைச்சொல் பட்டியலில் மாற்றுவடிவமாக இடம்பெறும்.

நூலகர், யாழ்ப்பாணம்

என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ‘ஏடு’ என்பது எழுதப்பட்ட பொருளைத்தான் சொல்கிறது. வெண்டோவர் விட்ட இடத்தில் மாத்தேயு எடுத்தார். மாத்தேயுவுக்குப் பின்னும் அம்மடத்தில் எழுதினார்கள். அந்தத் தொடர்ச்சியைச் சொல்லும் சொல் ‘ஒழுகு’ ஒன்றுதான். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.