கல் கணக்குக் கூலியா, குழுச் சம்பளமா? பட்டறையில் புது ஆள் நிற்கவில்லை

பூக்கல்:
ஆத்தங்குடியில் எங்களுக்குத் தரையில் பதிக்கும் பூக்கல் பட்டறை. ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறோம். கை தேர்ந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்களைவிட ஏகமாகப் போடுகிறார்கள், கல்லும் சுத்தமாக இருக்கும். ஆனால் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயத்தை எவ்வளவு கெட்டியாக ஊற்றணும், நிறம் கலக்காமல் அச்சை எப்படித் தூக்கணும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று காட்டினால்தான் வரும். காட்டுகிற நேரத்துக்குக் கூலி கிடையாது. பையன்கள் சலித்துப்போய்த் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். மொத்தப் பேருக்கும் சேர்த்து ஒரு கணக்காக்கி, பங்கு பிரித்துக் கொடுக்கலாமா?

மேஸ்திரி மகன்:
வேண்டாம் அண்ணே. அந்த இரண்டு பேரும் மறுமாதமே வேறு பட்டறையில் நிற்பார்கள். அமெரிக்காவில் கார்க் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் கம்பெனி, 1990களில் மணிக்கணக்குச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாற்றியது. ஒரு ஆளுக்கு ஆன வேலை 44 சதவீதம் கூடியது. அதில் பாதிதான் இருந்த ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு, வேகமான ஆட்கள் தங்கியதாலும் புதிதாக வந்து சேர்ந்ததாலும் வந்தது. நீங்கள் செய்ய நினைப்பது அதற்கு நேர் எதிர்.

தண்ணித்தொட்டி:
தம்பி, கார்க் கண்ணாடி தனி ஆள் வேலை. சரியாக மாட்டவில்லை என்றால் யார் மாட்டியது என்று தெரியும். நம் கல் அப்படியா? சாயம் ஊற்றுகிறவர் ஒருத்தர், மணல் சலித்துச் சிமெண்டு கலக்குகிறவர் இன்னொருத்தர், தொட்டியில் போட்டு எடுத்து வெயிலில் காயவைக்கிறவர் வேறொருத்தர். கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் குறை கண்ணுக்குத் தெரியும். அந்தக் கல் யாருடையது என்று எந்த நோட்டில் எழுதுவீர்கள்?

கலிபோர்னியாவில் நாப்பா என்ற ஊரில் கோரெட் என்ற தையல் ஆலை இருந்தது. அங்கே தனி ஆள் கூலியைக் குழுக் கூலியாக மாற்றினார்கள். வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது. முதலில் குழுவில் சேர்ந்தவர்களில் அதிகம் தைக்கிறவர்களே நிறையப் பேர். பலருக்கு வருமானம் குறைந்தும் சேர்ந்தார்கள். திறமையில் ஏற்றத்தாழ்வு இருந்த குழுக்கள்தான் நன்றாகச் செய்தன, ஒருத்தருக்கொருத்தர் கற்றுக்கொடுத்ததால். அண்ணன் கேட்பதும் இதைத்தானே.

மேஸ்திரி மகன்:
கோரெட்டில் முதலில் விருப்பம் உள்ளவர்கள்தான் சேர்ந்தார்கள். அண்ணன் எல்லாரையும் ஒரே நாளில் ஒரே பையில் போடப் பார்க்கிறார். பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மான் கயிறு இழுக்கச் சொல்லிப் பார்த்ததில், எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குப் பாதி பலம்தான் வந்தது. யார் எவ்வளவு இழுத்தார் என்று தெரியாத இடத்தில் கை தளரும். இது சோம்பேறிகளுக்கு மட்டும் உரிய குணம் இல்லை, எல்லா மனுஷருக்கும் உள்ளது.

கொட்டான் ஆச்சி:
நான் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னும் பெண்களை வைத்து வேலை பார்க்கிறேன். கூலி முறையைப் பேசுமுன் அந்த இரண்டு பேரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா அப்பச்சி? எங்களிடம் நன்றாகப் பின்னுகிற ஒருத்தி யாருக்கும் காட்டமாட்டாள். கேட்டபோதுதான் சொன்னாள், தான் காட்டிக்கொடுத்த பெண்ணுக்கே ஆர்டரைக் கொடுத்துத் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயம் என்று. அது கூலியால் தீரும் காரியம் இல்லை. வருஷம் முழுக்க வேலை உண்டு என்று வாக்குக் கொடுத்தோம். இப்போது அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.

நம் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜெண்டு அனுப்பினபோது மூன்று வருஷத் தவணையும் சம்பளமும் போகுமுன்னே பேசி முடித்துவிடுவார்கள். வட்டிக்கடையில் இருக்கும் பையன் மேலாளைப் பார்த்துப் பார்த்தே வட்டிக் கணக்குப் படித்தான். தன் இடம் இத்தனை நாளைக்கு உறுதி என்று தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதில் இழப்பு இல்லை.

மேஸ்திரி மகன்:
ஆச்சி சொல்வது நியாயம்தான். ஆனால் வாக்குக்கும் பணத்துக்கும் பகை இல்லையே. லிங்கன் எலக்ட்ரிக் என்ற வெல்டிங் கம்பெனி கணக்குக் கூலியே கொடுத்தது. ஆள் குறைப்பு கிடையாது என்றும் 1958 முதல் உறுதி சொன்னது. வருஷ போனஸில் ஒத்துழைப்புக்கும் மதிப்பெண் வைத்தது. கல் கூலியைத் தொடாமல், ஒரு பையனைக் கற்றுத் தேர வைத்தால் இவ்வளவு என்று தனியாகக் கொடுங்கள். பையன் தனியாகப் போட்ட கல் பிரித்துப் பார்த்து நன்றாக வந்தால்தான் அந்தப் பணம்.

தண்ணித்தொட்டி:
அப்படியானால் கலவைக்காரருக்கு என்ன? அவர் கூலியும் அந்தக் கல்லோடுதான் சேரணும். இல்லாவிட்டால் பையனுக்கு மட்டமான கலவை போகும், பழியும் பையன் தலையில் விழும். ஒரு மேசையை மட்டும் குழுக் கூலிக்கு மாற்றி, மற்ற மேசைகளைப் பழையபடி வைத்து, உடைந்த கல்லையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பூக்கல்:
தை பிறந்ததும் கல்யாண வீட்டு ஆர்டர்கள் குவியும். அதற்கு முன்னால் ஒரு மேசையை மாற்றுகிறேன். ஆனால் யார் அந்த மேசைக்கு வருவது என்பதை நான் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டு பேரிடம்தான் முதலில் கேட்கப் போகிறேன். வருஷ வேலைக்கு வாக்கையும் எழுத்தில் கொடுக்கிறேன்.

மேஸ்திரி மகன்:
எழுதும்போது ஒன்று கவனியுங்கள் அண்ணே: சம்மதம் இல்லாவிட்டால் பழைய கூலிக்கே திரும்பலாம் என்ற வரியும் அதில் இருக்கணும்.