அங்கீகாரமில்லாத பல்கலைக்கழகத்தில் எம்பிஏ: சேரலாமா, வேண்டாமா?

நிலவன்:

வணக்கம். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். இளங்கலை முடித்ததும் வேலைக்கு வந்துவிட்டேன். எம்பிஏ இல்லாதது ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் இடிக்கிறது. வெளிநாட்டு ஆன்லைன் பல்கலைக்கழகம் ஒன்றில் விசாரித்தேன். என் பணி அனுபவத்துக்கே பாதிக்கு மேல் கிரெடிட் (பட்டத்துக்குத் தேவையான பாடப் புள்ளிகள்) தருவார்களாம், மீதியை ஆறு மாதத்தில் முடித்துவிடலாமாம். அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு அவர்களுடைய ஆலோசகர் மூன்று பதில் சொன்னார்: அந்த நாட்டு அரசிடம் முறையாகப் பதிவு செய்திருக்கிறார்கள், ஒரு சர்வதேச அமைப்பு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, பட்டத்தை அப்போஸ்டில் செய்தே, அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான அத்தாட்சி ஒட்டியே தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இது போலியா? போலி இல்லையென்றால் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? வருங்காலத்தில் ஜெர்மனிக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது.

மீனா ரா.:

நிலவன், பட்டச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. நிறுவனங்கள் புதிதாக எடுக்கும் ஆட்களின் கோப்புகள் எங்களிடம் வரும். நீங்கள் சொன்ன மூன்று பதிலும் ஒரே கோப்பில் சேர்ந்து வந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலில் அப்போஸ்டில். நல்ல விவரமானவர்கள்கூட ஏமாறுவது இதில்தான். 1961 ஹேக் உடன்படிக்கையின்படி ஒட்டப்படும் அந்தச் சான்று சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: இந்தக் கையெழுத்து உண்மை, போட்டவர் இன்ன பொறுப்பில் இருப்பவர், முத்திரை அசல். பல நேரம் அது நோட்டரி ஒருவரின் கையெழுத்துக்கான அத்தாட்சியாக மட்டுமே இருக்கும். தாளில் எழுதியிருப்பது உண்மையா, கொடுத்தவர்களுக்குப் பட்டம் வழங்கும் உரிமை உண்டா என்பதற்குள் அது போவதே இல்லை.

அரசுப் பதிவும் அப்படித்தான். ஒரு கம்பெனியாகப் பதிவு செய்வது வேறு, பட்டம் கொடுக்கும் அதிகாரம் பெறுவது வேறு. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவு யார் பட்டம் கொடுக்கலாம் என்பதை வரையறுத்திருக்கிறது. பிரிட்டனிலும் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது.

அந்தச் சர்வதேச அமைப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களை அங்கீகரிப்பது அரசு அல்ல, தனியார் முகமைகள். அதனால் தனியார் என்பதாலேயே சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த முகமையை அமெரிக்கக் கல்வித்துறையோ ‘சியா’ என்கிற உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலோ ஏற்றிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். 2015இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்திய பாகிஸ்தானின் ஆக்ஸாக்ட் நிறுவனம் நூற்றுக்கணக்கான இணையதளங்களை நடத்திவந்தது. அந்தத் தளங்களில் கற்பனைப் பல்கலைக்கழகங்களோடு, அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கற்பனை முகமைகளும் இருந்தன. மாணவர் சந்தேகப்பட்டுத் தேடினால் அங்கேயும் அவர்களே எழுதிய பதில்தான் கிடைக்கும்.

அனுபவத்துக்குக் கிரெடிட் கொடுப்பது தவறில்லை. முறையான பல்கலைக்கழகங்களும் கொடுக்கின்றன. ஆனால் அங்கே ஆவணம் கேட்பார்கள், தேர்வு வைப்பார்கள், உச்சவரம்பும் இருக்கும். எதையும் பார்க்காமல் ஓர் ஆலோசகர் தொலைபேசியிலேயே பாதி எம்பிஏவைத் தருகிறார் என்றால் அந்த ஒன்று போதும், நான் விலகிவிடுவேன்.

அருள்:

மீனா அக்கா சொன்னதை மறுக்கவில்லை, இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். நான் இறையியல் படித்த கல்லூரிக்கு அங்கீகாரம் கிடையாது. அதைச் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர்கள் கடுமையாக வேலை வாங்கினார்கள், கிரேக்க மொழியை அங்கேதான் கற்றேன். என் சபையில் அந்தப் படிப்புக்கு முழு மரியாதை உண்டு. பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, முதுகலையை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய படிப்பு வீண் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மீனா ரா.:

அருள் சொல்வது சரி, அதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம். அங்கீகாரமில்லாதது எல்லாம் போலி இல்லை. அமெரிக்காவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1927இல் தொடங்கியது, தேசிய அளவிலான அங்கீகாரம் பெற்றது 2006இல்தான். அதுவரை அங்கே படித்தவர்கள் படிக்காதவர்களா? யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் என்ற ஆன்லைன் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கி 2014இல் அங்கீகாரம் பெற்றது. கலிபோர்னியாவில் அங்கீகாரமில்லாத சட்டக் கல்லூரியில் படித்தாலும், முதலாண்டுத் தேர்வில் தேறிவிட்டால், படிப்பை முடித்ததும் வழக்கறிஞர் தேர்வு எழுதலாம். அதே பட்டத்தோடு வேறு மாநிலத்துக்குப் போனால் பெரும்பாலும் கதவு திறக்காது.

அதனால் மதிப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் பட்டத்தை யார் கையில் வாங்கிப் பார்க்கப்போகிறார்கள்? அவர்களிடம் கேளுங்கள். உங்கள் மனிதவளத் துறைக்குப் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரைக் குறிப்பிட்டு, இதை ஏற்பீர்களா என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் எழுத்தில் வரட்டும். ஜெர்மனிக்கு ‘அனாபின்’ என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது. பெயருக்கு எதிரே ‘எச் பிளஸ்’ இருந்தால் அந்தக் கல்வி நிறுவனத்தை ஏற்கிறார்கள், ‘எச் மைனஸ்’ என்றால் இல்லை. பெயரே இல்லையென்றால் விசா நேரத்தில் பெரிய தலைவலி.

இதில் ஆபத்து காசு போவதோடு முடிவதில்லை. டெக்சாஸில் போலியான அல்லது தரமற்ற பட்டத்தைக் காட்டி வேலையோ பதவி உயர்வோ தேடுவதே குற்றம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் தொழில்நுட்பப் பிரிவின் உயர் பதவியில் இருந்த ஒருவர், தன் பட்டங்கள் அங்கீகாரமில்லாத நிறுவனத்தில் வாங்கியவை என்று வெளியே வந்தபின் 2004இல் விலக நேர்ந்தது. எங்கள் மேசைக்கு வரும் கோப்புகளிலும் திறமையில் குறையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலை செய்து பெயர் எடுத்தவர்கள், விண்ணப்பத்தில் இருக்கும் அந்த ஒரே வரியால் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். எனக்கு வருத்தம் அவர்களை நினைத்துத்தான்.

நிலவன்:

மிக்க நன்றி, இருவருக்கும். அந்தச் சர்வதேச அமைப்பைத் தேடினேன். கல்வித்துறைப் பட்டியலிலும் இல்லை, சியா பட்டியலிலும் இல்லை. அனாபினிலும் பல்கலைக்கழகத்தின் பெயர் கிடைக்கவில்லை. இதை ஆலோசகரிடம் சொன்னதும் பேச்சு மாறியது. முறையான முகமை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களாம், அடுத்த ஆண்டு கிடைத்துவிடுமாம், கட்டணச் சலுகை இன்றிரவோடு முடிகிறதாம். கிடைத்துவிட்டால் இப்போது சேர்ந்தவர்களுக்கும் செல்லும்தானே?

மீனா ரா.:

விண்ணப்பித்திருக்கிறோம் என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பட்டம் கொடுத்த நாளில் அங்கீகாரம் இருந்ததா என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். பின்னால் வரும் அங்கீகாரம் பழைய பட்டங்களுக்குப் பொதுவாகச் செல்லாது. ஆறு மாதத்தில் முடியும் படிப்பென்றால், அடுத்த ஆண்டு அங்கீகாரம் வருவதற்குள் உங்கள் கையில் பட்டம் வந்துவிடும்.

எந்த முகமைக்கு விண்ணப்பித்தார்கள் என்று கேட்டு, அந்த முகமைக்கே நேரடியாக எழுதுங்கள். பதில் வரும்வரை பணம் கட்ட வேண்டாம். முறையான பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கட்டணம் நள்ளிரவில் மாறுவதை நான் பார்த்ததில்லை.

நிலவன்:

முகமையின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டேன். பணம் கட்டவில்லை. எங்கள் மனிதவளத் துறை ஏற்கும் தொலைதூர எம்பிஏக்களின் பட்டியலை நாளை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் இங்கே பதிகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.