தாத்தாவோட கூத்துக் கட்டை: பெயின்ட் அடிக்கறதா, மியூசியத்துல குடுக்கறதா?

பாலாத்துமணல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது வேலூர் சத்துவாச்சாரி, சொந்த ஊரு செய்யாறு பக்கம். போன மாசம் ஊர்ல பழைய ஊட்ட இடிக்கறதுக்கு முன்னாடி பரண காலி பண்ணினோம், அப்போ ஒரு ட்ரங்குப் பொட்டி கெடச்சுது. தொறந்தா எங்க தாத்தா கூத்துல மாட்டிக்கற கட்டை சாமான் எல்லாம், மரத்துல செதுக்கினது, ஒரு கிரீடம், ரெண்டு புஜக்கட்டை, மாருல கட்டற பதக்கம், அப்பறம் கிழிஞ்சுபோன ஒரு பாவாடை. தாத்தா எங்க ஊரு ஜமாவுல, அதான் கூத்துக் குழுவுல, துரியோதனன் வேஷம் கட்டினவரு, அவர் போயி இருவது வருஷம் ஆச்சு, அந்த ஜமாவும் இப்ப இல்ல. மரம் அங்கங்க பூச்சி அரிச்சிருக்கு, கண்ணாடித் துண்டு பாதி விழுந்துருச்சு, ஜிகினா கறுத்துப்போச்சு.

எங்க பெரியப்பா இன்னா சொல்றார்னா நல்லா தங்கக் கலர் எனாமல் வாங்கி அடிச்சு கண்ணாடி ஷோகேஸ்ல வச்சா ஹால்ல லட்சணமா இருக்கும்ங்கறார். என் வீட்டுக்காரம்மா கோட்டைக்குள்ள இருக்கற மியூசியத்துல குடுத்துடலாம், நம்ம ஊட்ல இருந்தா மறுபடி பூச்சிதான் தின்னும்ங்கறாங்க. எனக்கு எதுவும் புரியல.

இன்னொண்ணு. ஊர்ல திரௌபதியம்மன் கோயில் முன்னாடி பாரதக் கூத்து நடக்கற எடத்துல சிமென்ட்ல மேடை கட்டி டைல்ஸ் போட்டு கலையரங்கம்னு பேர் வைக்கப்போறாங்களாம், நன்கொடை கேட்டு வந்துட்டாங்க. குடுக்கலாமா? என் பொண்ணுக்கு பன்னெண்டு வயசு, பொட்டியப் பாத்ததுலருந்து கூத்து கத்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. பொம்பளப் புள்ளைக்கு யாராவது சொல்லித் தருவாங்களா?

ட்ராயிங்வாத்தி எழுதியது:

தம்பி, மொதல்ல அந்த எனாமல் டப்பாவ கடையிலயே திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க பெரியப்பாகிட்ட. நான் ராணிப்பேட்டை பக்கம் ஸ்கூல்ல ட்ராயிங் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவன். இந்தத் தப்ப நானே ஒருதரம் பண்ணியிருக்கேன், தெரிஞ்சவங்க ஊட்டு கிரீடம் ஒண்ணுக்கு ஆசையா ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுத்தேன். மூணே வருஷத்துல பெயின்ட்டு தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு, கூடவே அடியில இருந்த பழைய செவப்பும் வந்துருச்சு, கொடுமை.

அது என்ன மரம்னு தெரியுமா, பெரும்பாலும் கல்யாண முருங்கை. தூக்கிப் பாத்தா வெயிட்டே இருக்காது. ராத்திரி பூரா தலையிலயும் தோள்லயும் மாட்டிக்கினு சுத்தி ஆடணும், கனமான மரத்துல பண்ணினா கழுத்து ஒடிஞ்சுடும். அவ்ளோ மெதுவான மரம்ங்கறதாலதான் பூச்சியும் சீக்கிரம் வருது. அதுமேல கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் சும்மா அழகுக்கு ஒட்டல. அந்தக் காலத்துல தீவட்டி, அப்பால பெட்ரோமாக்ஸ், அந்த வெளிச்சத்துல கடைசி வரிசையில பாயில படுத்துக்கினு இருக்கறவனுக்கும் ராஜா வந்துட்டான்னு தெரியணும், தலைய ஆட்டினா வெளிச்சம் தெறிக்கணும். எனாமல் பூசினா மரமும் கண்ணாடியும் ஒரே பளபளப்பா ஆயிடும், தனியா எதுவும் மின்னாது.

இப்போதைக்கு தண்ணி படாம காஞ்ச பிரஷ்ஷால தூசி தட்டுங்க. விழுந்த கண்ணாடிய எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வைங்க, குப்பையில போட்டுடாதீங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, உள்ள வேர்த்துக்கும். பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வைங்க. நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, எந்த எடத்துல எந்தக் கலர்னு எழுதி வைங்க.

மியூசியம் தப்பில்ல, ஆனா குடுத்தா திரும்பி வராது, யோசிச்சுக் குடுங்க. ஒருதரம் போயி பாத்துட்டு வாங்க, வெள்ளிக்கிழமை போயிடாதீங்க, லீவு. போனா அப்பிடியே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்ல இருக்கற குதிரையையும் யாளியையும் பொண்ணுக்குக் காட்டுங்க. கல்லுல செதுக்கினவன் கையும் கட்டை செதுக்கினவன் கையும் எனக்கு என்னமோ சொந்தக்காரங்க மாதிரியே தோணும், ஆராய்ச்சி எல்லாம் இல்ல, சும்மா ஒரு இது.

டோலக்குமாமா எழுதியது:

மாப்ள நான் ஜமாவுல மிருதங்கமும் டோலக்கும் வாசிக்கறவன், இந்த மேடை விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், கோவமா எழுதினா மன்னிச்சுக்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு ஊர்ல இப்பிடித்தான் நாலடி ஒசரத்துக்கு மேடை கட்டி வழவழன்னு டைல்ஸ் போட்டு வச்சிருந்தாங்க, எங்க ஆளு தெரை வெலகி வந்து விருத்தம் பாடிட்டு கிறுக்கி சுத்தினாரு பாரு, ரெண்டாவது சுத்துலயே வழுக்கிடுச்சு, கால்ல கட்டு போட்டுக்கினு ஒரு சீசன் பூரா ஊட்ல குந்திக்கினு இருந்தாரு. மண்ணுல ஆடற ஆட்டம் அது. சலங்கை சத்தமும் மண்ணுலதான் சரியா கேக்கும்.

அதவிட முக்கியம், பதினெட்டாம் போர் அன்னிக்கு காலையில படுகளம் இன்னா பண்ணுவீங்க? துரியோதனன மண்ணால அம்மாம்பெருசா படுக்க வச்சு, வேஷம் கட்டினவங்க அது மேலயே ஏறி ஆடி, பீமன் தொடையில அடிக்கணும், அப்பால திரௌபதி கூந்தல் முடியணும், சாயங்காலம் தீ மிதி. டைல்ஸ் மேல மண்ணு கொட்டி பண்ணுவாங்களா? அர்ச்சுனன் தபசு பண்ண ஏறற மரம் எங்க நடுவாங்க? கோயில் மைதானம்னா சும்மா காலி எடம்னு நெனச்சுக்கறாங்க. பகல்ல பாரதம் படிக்கறது, ராத்திரி கூத்து, பொம்மை செய்யறவரு, மோளக்காரரு, ஊரே வேலை செய்யற எடம் அது. நீ நன்கொடை குடு மாப்ள, ஆனா வேஷம் கட்ட ஒரு ரூமு, கக்கூஸ், தண்ணி, நல்ல லைட்டு இதுக்குனு சொல்லிக் குடு. எங்களுக்கு இப்பவும் பல ஊர்ல எவனாவது மாட்டுக்கொட்டாய்லதான் வேஷம் கட்டறது.

கூத்துக்காரி எழுதியது:

அண்ணா உங்க பொண்ணு விஷயத்துக்கு வரேன். பொம்பளைங்க ஆடக்கூடாதுன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, காதுல போட்டுக்காதீங்க. செய்யாறு பக்கம் பெருங்கட்டூர்ல பொறந்த ராஜகோபால் வாத்தியாரும் அவர் வீட்டுக்காரம்மா ஹன்னே டி ப்ரூயினும் 1990-ல கலைஞர்ங்களோட சேந்து கட்டைக்கூத்துச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்பறம் 2002-லருந்து காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல குருகுலம் நடத்தினாங்க, அதுல பையனும் பொண்ணும் ஒண்ணா ஸ்கூல் படிப்போட கூத்தும் கத்துக்கிட்டாங்க. 2020-ல குருகுலத்த மூடிட்டாங்க, அது பெரிய இழப்புதான். ஆனா பொண்ணுங்க கட்டை வேஷம் கட்டி ராத்திரி பூரா ஆட முடியும்னு ஊரே பாத்துருச்சு, இனிமே யாரும் முடியாதுன்னு சொல்ல முடியாது.

உங்க ஊருக்குக் கிட்டயே புரிசை இருக்கு. துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம் அங்கதான். கண்ணப்பத் தம்பிரான் காலத்துலயே சென்னை நாடகக்காரங்க தேடி வந்து கத்துக்கிட்ட எடம், எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-ல கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவ ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி புரிசைக் கூத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. ஜெர்மன்காரர் ப்ரெக்ட் எழுதின நாடகத்தையே புரிசையில கூத்தா ஆடியிருக்காங்க. தம்பிரான் பையன் கண்ணப்ப சம்பந்தன் ஐயாவுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. தம்பிரான் நினைவா அங்க விடிய விடிய கூத்து விழா நடத்துவாங்க, அதுக்கு ஒருதரம் பொண்ணக் கூட்டிக்கினு போங்க. கத்துக்கற ஆசை இருக்கா இல்ல பொட்டிமேல மட்டும் ஆசையான்னு காலையில நாலு மணிக்குத் தெரிஞ்சுடும் 😄

ட்ராயிங்வாத்தி எழுதியது:

இந்த ஆட்டத்துக்குப் பேரு கட்டைக்கூத்தா தெருக்கூத்தான்னு இங்க சண்டைய ஆரம்பிச்சுடாதீங்கம்மா, போனதரம் நாலு பக்கம் ஓடுச்சு.

டோலக்குமாமா எழுதியது:

எங்க ஊர்ல வெறும் கூத்துன்னுதான் சொல்றது. கருமாதிக்கு கர்ண மோட்சம் வைக்க வரவனும் அப்பிடித்தான் கேக்கறான், "கூத்து ஒண்ணு உடணும்"னு. முடிஞ்சுது.

மாப்ள, கட்டைய ஷோகேஸ்லயும் வைக்காத, மியூசியத்துலயும் குடுக்காத. ஆடற ஜமாவாப் பாத்து குடுன்னுதான் சொல்லணும்னு நெனச்சேன். ஆனா உண்மையச் சொன்னா நாங்க வருஷம் நூறு ராத்திரிக்கு மேல ஆடறோம், வேன்ல ஏத்தி எறக்கி, வேர்வையில ஊறி, உன் தாத்தா கிரீடம் ரெண்டு சீசன் தாங்காது. புதுசா செதுக்கச் சொல்லு, அதப் பாத்து அளவெடுத்து. பழச பழசாவே வை, புதுச ஆட உடு.

பாலாத்துமணல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியப்பாகிட்ட டோலக்கு மாமா எழுதினத படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் சொல்றார், சின்ன வயசுல நைனா வேஷம் கட்டிக்கறப்ப செவப்பு கொழைச்சுக் குடுக்கறது நான்தான்னு. இத்தினி வருஷத்துல எங்ககிட்ட ஒருதரம்கூட சொன்னதில்ல. எனாமல் டப்பா திருப்பிக் குடுத்தாச்சு. மேடைக்காரங்ககிட்ட ரூமுக்கும் கக்கூசுக்கும்தான் காசுன்னு சொல்லியிருக்கேன், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க, பாப்போம்.

பொண்ணு கிரீடத்த மாட்டிப் பாத்துச்சு, மூக்கு வரைக்கும் எறங்கிடுச்சு. கண்ணாடி எண்ணினோம், இருவத்தி மூணு துண்டு காணல. வாத்தியாரே, இந்த மாதிரி மெல்லிசான கண்ணாடி இப்ப எங்க கெடைக்கும்?

ட்ராயிங்வாத்தி எழுதியது:

பழைய ஊட்ட இடிச்ச எடத்துல பரணுக்கு நேர் கீழ மொதல்ல தேடுங்க தம்பி. கெடைக்கலன்னா சொல்லுங்க, என்கிட்ட கொஞ்சம் இருக்கு.