அலைக்கு அலை சிதறல் பெருகுகிறது: குடும்பப் பொருளாதார நெருக்கடி உருவகத் தரவு

கேள்வி: கணினியில் உருவாக்கும் உருவகத் தரவு இது: 500 குழந்தைகள்; 6, 15, 24, 36 மாத வயதில் நான்கு அலைகள் (அளவீட்டுச் சுற்றுகள்). நெருக்கடி மதிப்பெண்ணை, முந்தைய மதிப்பு × 0.7 + இரைச்சல் (தற்செயல் ஏற்ற இறக்கம், மாறுபாடு 1) என்று ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல் மொழியில் உருவாக்குகிறேன். மாறுபாடு 1, 1.49, 1.73 என ஏறுகிறது. ஏன்?

மறுமொழி 1: இரைச்சல்தான் அதிகம். மாறுபாடு 1-லேயே நிற்க வேண்டுமானால் இரைச்சலின் மாறுபாடு 1 − 0.7² = 0.51. தற்செயல் எண்களைத் தரும் ஆர்நார்ம் (rnorm) கட்டளை கேட்பது திட்டவிலக்கம், அதாவது மாறுபாட்டின் வர்க்கமூலம்; ஆகவே 0.714 கொடுங்கள். 0.51 என்று அப்படியே போட்டுவிடாதீர்கள், மதிப்புகள் சுருங்கிவிடும்.

மறுமொழி 2: அதைவிட முக்கியமானது ஒன்று. சில குடும்பங்கள் நிரந்தரமாகவே நெருக்கடியில் இருக்கும். அந்த நிலையான வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தற்செயல் வெட்டாக (random intercept: அலைகள் எல்லாவற்றிலும் மாறாத அடிப்படை மதிப்பு) தனியே உருவாக்கி, அலைக்கு அலை வரும் ஏற்ற இறக்கத்தை அதன்மேல் கூட்டுங்கள். குழந்தையின் மொழி வளர்ச்சி மதிப்பெண்ணுக்கும் இதே முறைதான்; இரண்டு வெட்டுகளுக்கும் எதிர்மறைத் தொடர்பு வையுங்கள். இல்லையேல், நெருக்கடி கூடியதால் வளர்ச்சி குறைந்ததா, குடும்பங்களே வேறா என்பதைப் பிரிக்கும் மாதிரியை இந்தத் தரவில் சோதிக்கவே முடியாது. வளர்ச்சி மதிப்பெண்ணை அலைதோறும் தரப்படுத்தவும் (சராசரி 0, திட்டவிலக்கம் 1 என மாற்றவும்) வேண்டாம், வயதோடு வரும் வளர்ச்சியே அழிந்துபோகும்.

மறுமொழி 3: விடுபடுதலையும், அதாவது குடும்பங்கள் ஆய்விலிருந்து விலகுவதையும், சேருங்கள். விலகும் நிகழ்தகவுக்கு, முந்தைய அலையின் நெருக்கடியைச் சார்ந்த லாஜிஸ்டிக் சமன்பாடு: வெட்டு (நெருக்கடி 0 ஆக இருக்கும்போதுள்ள மதிப்பு) −2.2, சரிவு 0.6. சராசரிக் குடும்பத்தில் சுமார் 10%, ஒரு திட்டவிலக்கம் மேலே சுமார் 17% விலகும். விலகியவர் திரும்பக் கூடாது.